பிரிக்க மறந்த வடிகால்

சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்ட மூன்றாம் ஆண்டில், கோடை முடியும் தறுவாயில், ஊரார் கழுவிவிட்ட தண்ணீர் தான் புறப்பட்ட வீடுகளுக்குத் திரும்பி வரத் தொடங்கியது. அன்று மாலை கடைசிக் குளத்தின் மடையிலிருந்து வெளிப்பட்ட நீர், வழக்கம்போல ஓடையில் இறங்காமல் கரையேறி, வண்டிப்பாதையைக் கடந்து, மேட்டுத் தெருவை நோக்கி வந்தது. தெரு முனையில் அது கைத்தடி அளவுள்ள பல கிளைகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு வீட்டு வாசலுக்குச் சென்று நின்றது. காய்கறிப் பை சுமந்து மேடேறும் மனிதரின் வேகமே அதற்கும் இருந்தது. நடுவில் ஓரிரு இடங்களில் மூச்சு வாங்குவதைப்போல நின்றும் வந்தது. தண்ணீருக்குக் காலில்லை ஆகையால் நடந்தது என்று சொல்வது பிழை என்று தபால்காரர் வாதிட்டார். அப்படியானால் வேறு சொல்லைச் சொல்லுங்கள் என்று கேட்டபோது, அவர் தம் வீட்டு வாசலில் நின்ற தண்ணீரை நெடுநேரம் பார்த்துவிட்டு, நடந்தது என்றே இருக்கட்டும் என்றார்.

முதல் நாள் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டனர். தாம் குளித்த நீரும், பாத்திரம் விளக்கிய நீரும், அதற்கு மேல் வாய்விட்டுச் சொல்லக் கூசும் நீரும் விருந்தாளியைப்போல வாசலில் வந்து நின்றால் எவர்தான் வரவேற்பார்? தண்ணீர் கதவைத் தட்டவில்லை. பொழுது சாயும்வரை நின்றுவிட்டு அந்தந்த வாசலிலேயே மண்ணுள் இறங்கியது. மறுநாளும் வந்தது. அதன் மறுநாள், ஊரில் எதற்கும் அஞ்சாதவள் என்று பெயரெடுத்த மருத்துவச்சி, வாளி ஒன்றை வாசற்படியில் வைத்தாள். தண்ணீர் அதில் ஏறி அமர்ந்தது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அவள் அதைச் செடிகளுக்கு ஊற்றினாள். செடிகளுக்கு ஒரு கேடும் வரவில்லை. வாரம் கழிவதற்குள் எல்லா வாசல்களிலும் வாளிகள் காணப்பட்டன. ஒருமுறை நாவிதர் வீட்டுத் தண்ணீர் வழி தவறித் தபால்காரர் வீட்டு வாளியில் ஏறிவிட்டு, உடனே விளிம்பைத் தாண்டி இறங்கி, சுவரோரமாக ஒதுங்கி ஒதுங்கிச் சென்றதைப் பலர் கண்டனர்.

மேல் அலுவலகத்திலிருந்து பொறியாளர் வந்தார். இளைஞர், எதையும் தொட்டுப் பார்க்க விரும்புபவர். மட்டக்கருவியை நிறுத்தித் தெருவின் சரிவை அளந்தார். தெரு மேடுதான், தண்ணீர் ஏறுவதும் மேட்டில்தான் என்பது உறுதியாயிற்று. குப்பிகளில் நீரைப் பிடித்துச் சோதித்தார். அது ஓடையில் விடத்தக்க நீர்தான் என்பதும் உறுதியாயிற்று. பின்னர், நிலையத்தைப் பார்த்துக்கொண்ட பெண்ணிடம், "ஓடைக்குப் போக வேண்டிய தண்ணி ஊருக்குள்ள ஏன்மா போகுது?" என்று கேட்டார்.

"அதைத்தான் சார் நானும் யோசிச்சிட்டிருக்கேன். நீங்க வந்தா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"ராத்திரி போகுதா?"

"இல்ல சார். சாயங்காலம் மட்டுந்தான். வேலை முடிஞ்சு எல்லாரும் வீடு திரும்பற நேரம்."

பொறியாளர் சிரித்துவிட்டார். ஒருநாள் வேலைக்கு வந்தவர் மேலும் சில நாள் தங்கி, மாலைதோறும் தண்ணீரோடு சேர்ந்து மேட்டில் ஏறினார். திரும்பும்போது, தண்ணீர் மேல்நோக்கிச் செல்லக்கூடாது என்று விதிகளில் எங்கும் தடையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அத்துடன் அரசு இவ்விஷயத்தில் தலையிடுவதை நிறுத்திக்கொண்டது.

அந்தப் பெண்ணை ஊரார் மடைக்காரி என்று அழைத்தனர். காலையில் வரவுக்கால்வாயின் கம்பித் தடுப்பில் சிக்கிய கந்தல், முடி, நெகிழிப்பை ஆகியவற்றை வாரியால் வாரி எடுப்பது, படிவுத்தொட்டியின் மேல் படரும் அழுக்கை நீக்குவது, குளக்கரைக் கோரையை அளவோடு அறுப்பது, மாலையில் மடைப்பலகையை உயர்த்துவது ஆகியவை அவள் பணிகள். அப்பணிக்கு ஆள் வேண்டும் என்று ஊர் மன்றம் அறிவித்தபோது எவரும் முன்வரவில்லை. அவள் ஒருத்தியே கை தூக்கினாள். அதற்கு முன் அவள் தன் அண்ணனாகிய தையல்காரரின் கடையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தந்தை விட்டுச் சென்ற வீட்டில் அண்ணன், அண்ணி, மணமாகாத தங்கை ஆகிய மூவரும் ஒரே அடுப்பில் சமைத்து உண்டு வந்தனர். அவள் கை தூக்கிய அன்று மாலை, தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் கையோட வந்து கடையில உக்காந்தா எவன் துணி குடுப்பான்?" என்றார். "நீ குளிச்ச தண்ணியத்தானே அண்ணா நான் பாத்துக்கப் போறேன். ஊரான் தண்ணி மட்டுமா அங்க வரப்போகுது?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

பேச்சு நின்றதும் சுவர் எழுந்தது. அவ்வீட்டின் முன்வாசலில் அகலமான இரட்டைக் கதவு இருந்தது. கொத்தனார் அதன் நடுவிலிருந்து பின்கட்டுவரை ஒரே நேர்க்கோட்டில், அவசர அவசரமாக, களிமண் சாந்தில் செங்கல் அடுக்கிச் சுவரெழுப்பினார். ஆளுக்கொரு கதவு கிடைத்தது. உடல் பருத்த தையல்காரர் தம் பங்குக் கதவில் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடிந்தது. அடுப்பு அண்ணன் பக்கம் போயிற்று. சமையலறைச் சன்னல் தங்கை பக்கம் வந்தது. ஆகையால் ஒரு வீட்டில் புகை போக வழியில்லை, மற்றொரு வீட்டில் போவதற்குப் புகையில்லை. பெரியவர்கள் கூடி அலமாரி, விட்டத்து உத்தரம், கிணற்று ராட்டினத்தில் உரிமை என்று ஒன்றுவிடாமல் பங்கிட்டனர். வடிகாலை மட்டும் எவரும் நினைக்கவில்லை. சொத்து என்று எவரும் கருதாத ஒன்றைப் பங்குகேட்க எவருக்கும் தோன்றுவதில்லை அன்றோ? இரு பக்கத்துக் கழிவுநீரும் தரைக்கடியில் முன்போலவே ஒரே குழாயில் கூடி, ஒன்றாகவே குளங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆதலால் தண்ணீர் திரும்பத் தொடங்கியபோது, அவ்வீட்டுக்கு மட்டும் இரு வாசல்களுக்கு ஒரு கிளைதான் வந்தது. இரட்டைக் கதவின் நடுவே, சுவரின் முகப்புக்கு நேராக வந்து நின்ற அது, எப்பக்கம் போவதென்று அறியாது முழங்கால் உயரத்துக்குக் குவிந்து எழுந்தது. இப்பக்கம் சற்றுச் சாயும், அப்பக்கம் சற்றுச் சாயும், பிறகு நேராகிவிடும். இருவரும் வாளி வைத்திருந்தனர். இரு வாளிகளும் வெறுமையாகவே இருந்தன. இருட்டியபின் தண்ணீர் சுவரின் அடியிலேயே மண்ணுள் இறங்கியது. மறுநாளும் அவ்வாறே. பொழுதுபோகாதவர்கள் மாலைதோறும் எதிர்வீட்டுப் படியில் அமர்ந்து, இன்று எப்பக்கம் சாயும் என்று பேசிக்கொண்டிருந்தனர். தம் குடும்பத்து நீர் தங்கை வீட்டு நீரோடு கலந்து ஊரறிய நடுத்தெருவில் நிற்பதைத் தையல்காரரால் பொறுக்க முடியவில்லை. கொத்தனாரை அழைத்து, வடிகாலைப் பிரிக்கச் சொன்னார்.

கொத்தனார் தரையைத் தோண்டித் தங்கை பக்கத்துக்குத் தனிக்குழாய் பதித்தார். பழைய குழாயில் இரண்டும் கூடிய இடத்தில் சிமெண்டால் வார்த்த ஓர் அடைப்பை வைத்தார். எனினும் பயன் உடனே தெரியாது என்று மடைக்காரி அண்ணியின் வழியே சொல்லியனுப்பினாள். குளங்களுள் புகும் நீர் தொட்டி தொட்டியாய்த் தங்கித் தெளிந்து வெளியேற ஏறத்தாழ ஒன்றரை மாதம் ஆகும். இன்று வாசலுக்கு வருவது ஒன்றரை மாதத்துக்கு முன் கழுவிவிட்ட நீர். இதற்கு ஊரே சாட்சி. மாற்றலாகிப் போன பள்ளி ஆசிரியரின் பூட்டிய வீட்டுக்கு அவர் போன பின்பும் ஒன்றரை மாதம் தண்ணீர் வந்து நின்றது. கடைசி நாள் ஒரு குவளை அளவே வந்தது. அதைப் பக்கத்து வீட்டுப் பெண் பரிதாபப்பட்டுத் தன் வாளியில் ஏற்றுக்கொண்டாள். ஆகவே கலந்த நீர் தீரும்வரை பொறுத்திருப்பது என்று முடிவாயிற்று.

ஒன்றரை மாதம் சென்றது. இரண்டு மாதமும் சென்றது. தண்ணீர் ஒரே கிளையாகவே வந்து சுவரின் முன் நின்றது. மழையும் தொடங்கிவிட்டது. கொத்தனார் தம் வேலையில் குறையில்லை என்று சத்தியம் செய்தார். ஊரார் பொறியாளருக்குச் சொல்லியனுப்பினர். அவர், குளங்கள் நிறைந்திருப்பதால் தாமதமாகலாம் என்று எண்ணுவதாகவும், காரணம் தெரிந்தால் தமக்கும் சொல்ல வேண்டுமென்றும் பதில் சொல்லியனுப்பினார். உண்மைக் காரணம் மடைக்காரி ஒருத்திக்குத்தான் தெரியும். கொத்தனார் அடைப்பை வைத்துப் போன அன்று மாலையே, சிமெண்டு இறுகுமுன், அவள் தன் பக்கத்து மூடியைத் திறந்து கையை விட்டு அதை எடுத்துவிட்டாள்.

தையல்காரர் வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தார். அவர் அளவெடுத்தே பிழைத்தவர். ஒரு நூல் கோணினாலும் கண்ணுக்குப் பட்டுவிடும். தம் பக்கத்துச் சுவரின் தலைக்கும் விட்டத்து உத்தரத்துக்கும் நடுவே முதலில் ஒரு கோடு தெரிந்தது. பின்னர் அதில் நகம் நுழைந்தது. மழை வலுத்தபின் விரலே நுழைந்தது. அடிமண் ஊறிப்போய்ச் சுவர் தங்கையின் பக்கமாகச் சாய்கிறது என்பதை அவர் அறிந்துகொண்டார். அப்பக்கம் சுவரை மறைத்து உயரமான அலமாரி நிற்கிறது, அதனால் அவளுக்குத் தெரிய வழியில்லை. அலமாரியை அடுத்து அவள் கட்டில் கிடக்கிறது. இவையெல்லாம் அவருக்குத் தெரியும், பங்கிட்ட பொருள்கள் எங்கெங்கே போயின என்பதை அவர் மறந்திருக்கவில்லை. மனைவியை அனுப்பினார். மடைக்காரி கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு அண்ணி. என்னைக் காலி பண்ண வைக்க இதுவும் ஒரு வழியா? சொல்றவருக்கு வாய் இருக்குல்ல, வந்து சொல்லட்டும்" என்றாள். அண்ணி திரும்பி வந்து, "உங்க தங்கச்சி உங்களை மாதிரியே இருக்கா. இதுக்கு மேல நான் தூது போக மாட்டேன். என் கால் என்ன தறிநாடாவா, இங்கயும் அங்கயும் ஓடறதுக்கு?" என்று அமர்ந்துவிட்டாள்.

அன்றிரவெல்லாம் தையல்காரர் சுவரில் காதை வைத்துப் படுத்திருந்ததாக அவர் மனைவி பிற்காலத்தில் சொன்னாள். விடிந்ததும் கடை திறக்கவில்லை. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, முன்னொருபோதும் காலெடுத்து வைக்காத நிலையத்துக்கு இறங்கிப் போனார். தங்கை கம்பித் தடுப்பில் வாரிக்கொண்டிருந்தாள். அவர் பின்னால் நின்று, "சுவர் சாயுது" என்றார்.

அவள் திரும்பாமல், கரையில் நின்ற கொக்கைப் பார்த்து, "யாரோ பேசற மாதிரி இல்ல?" என்று கேட்டாள்.

"கிண்டல் கேக்க வரல. உன் பக்கமா சாயுது. உத்தரத்துக்கும் சுவருக்கும் நடுவுல என் கை போகுது, முழங்கை வரைக்கும்."

"நேத்து அண்ணி விரல்னு சொன்னாங்களே."

"நேத்து விரல். இன்னைக்குக் கை. நாளைக்கு எதை விட்டுப் பாக்கணும், தலையையா?"

அவள் வாரியை நிறுத்தினாள். அவர் தொடர்ந்தார். "ஒன்றரை மாசத்துல நிக்கும்னு நீதானே சொன்ன? அந்தப் பாழாப்போன தண்ணி எப்பத்தான் நிக்கும்?"

"நிக்காது."

"ஏன்?"

"அடைப்பை நான் எடுத்துட்டேன். வச்ச அன்னைக்கே."

தையல்காரர் தொட்டியின் விளிம்பில் அமர்ந்தார். மூக்கிலிருந்த துண்டு மடியில் விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை. "எதுக்கு?" என்றார்.

"ஊர்ல எல்லார் வீட்டுக்கும் தண்ணியை தினம் நான்தான் அனுப்பி வைக்கறேன். நம்ம வீட்டுக்கு மட்டும் ரெண்டா அனுப்ப எனக்குக் கை வரல."

"பைத்தியமா உனக்கு? அது உன் தலையில விழப் போகுதுடி!"

"என் தலைதானே."

"உன் தலைதான். அதுக்குத்தான் இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கேன்."

கொக்கு பறந்து போயிற்று. பிறகு தையல்காரர், இன்று ஒருநாள் மடையை மூடி வைத்தால் என்ன என்று கேட்டார். மழையில் குளங்கள் விளிம்பு தட்டி நிற்கின்றன, மூடினால் பொழுது சாய்வதற்குள் ஊரிலுள்ள அத்தனை அடுப்படியிலும் சாக்கடை பின்னோக்கி ஏறிவிடும் என்றாள் அவள். அப்படியானால் தண்ணீர் மாலையில் வந்தே தீரும். அதற்குள் சுவரை இறக்கியாக வேண்டும். இருவரும் மேட்டில் ஏறினர். அவர் முன்னும் அவள் பின்னுமாகத்தான் ஏறினர். ஆனால் மூச்சு வாங்க அவர் நின்ற இடங்களில் அவளும் நின்றாள்.

கொத்தனார் ஏணியுடன் வந்தார். அவர் தங்கையின் பக்கத்து அலமாரியை நான்கு பேரைக்கொண்டு நகர்த்தச் செய்து, ஏணியைச் சாத்த இடம் பார்த்துக்கொண்டிருந்தபோதே சுவர் தானாக இறங்கியது. விழுந்தது என்பதைவிடப் படுத்துக்கொண்டது என்பதே பொருந்தும். அவ்வளவு மெதுவாகச் சாய்ந்தது, கொத்தனாரும் மற்றவர்களும் ஏணியோடு வாசலுக்கு வரவும் நேரமிருந்தது. புழுதி அடங்கியபின் உள்ளே பார்த்தனர். கட்டிலின் நான்கு கால்களும் நான்கு திசையில் கிடந்தன. தலையணை இருந்த இடத்தில் இடுப்பளவு செங்கல் கிடந்தது.

"பாத்தியா?" என்றார் தையல்காரர்.

"பாத்தேன்" என்றாள் தங்கை.

"ரெண்டு பேரும் பாத்தாச்சுல்ல? இப்ப செங்கல்லை எடுங்க" என்றாள் அண்ணி. "தண்ணி வர்ற நேரம்."

தெருவிலிருந்தவர்கள் வரிசையாக நின்று செங்கற்களைக் கைமாற்றினர். தபால்காரரும் நின்றார், நாவிதரும் நின்றார், பக்கம் எது என்று நாள்தோறும் பேசிக்கொண்டிருந்தவர்களும் வெட்கப்படாமல் நின்றனர். மடைக்காரி மட்டும் இடையில் ஓடிப்போய் மடைப்பலகையை உயர்த்திவிட்டுத் திரும்பினாள். தண்ணீர் வழக்கமான நேரத்தில் வந்தது. தெருவை அடைத்துக்கொண்டு ஆட்கள் நிற்பதைக் கண்டதும் எதிர்வீட்டுப் படியோரம் ஒதுங்கிக் காத்திருந்தது. ஒருவர் அதன்மேல் தவறிக் காலை வைத்துவிட்டு, "மன்னிச்சுக்கோ" என்றார். கடைசிச் செங்கல் வெளியேறியதும் அது இரட்டைக் கதவின் நடுவே நேராக உள்ளே நுழைந்தது. சுவர் நின்ற கோட்டின்மேல், தான் அத்தனை மாலைகளில் சேரமுடியாத பின்கட்டுவரை முழுநீளமும் சென்றது. அங்கே அடுப்புக்கும் சன்னலுக்கும் நடுவில் சுருண்டு படுத்தது. வாளி எடுத்து வைக்க எவருக்கும் தோன்றவில்லை.

அண்ணனும் தங்கையும் அதன்பின் பெரிதாகக் கொஞ்சிக்கொண்டார்கள் என்று சொல்ல இடமில்லை. அவள் நிலையத்து வேலையை விடவில்லை. அவர் அதைப் பாராட்டவும் இல்லை. அடுப்பு ஒன்றாயிற்று, அதில் உப்பு யார் போடுவது என்பதில் நாள்தோறும் வழக்கு எழுந்தது. அடைப்பை மீண்டும் வைக்கவேண்டும் என்று தையல்காரர் பிடிவாதமாக நின்றார். கொத்தனாருக்குச் சொன்ன வேலை சொன்னபடி முடிய வேண்டும், அடைப்பு இருந்தும் சேர்ந்திருந்தால்தான் சேர்ந்திருப்பதாகக் கணக்கு என்பது அவர் கருத்து. இம்முறை அவரே குனிந்து சிமெண்டு பூசினார்; தங்கை விளக்குப் பிடித்தாள்; எவரும் அதை எடுக்கவில்லை.

ஒன்றரை மாதம் கழிந்து, தெரு முனையில் அவ்வீட்டுத் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து வந்தது. பார்க்க வேண்டுமென்று பொறியாளரும் வந்திருந்தார். இரு கிளைகளும் பக்கம் பக்கமாக மேடேறி, இரட்டைக் கதவை அடைந்ததும் எது முதலில் நுழைவது என்று ஒன்றையொன்று முட்டின. ஒன்று விட்டுக்கொடுத்துப் பின்வாங்க, மற்றதும் அதே சமயத்தில் பின்வாங்க, இரண்டும் திரும்பவும் சேர்ந்து முன்னே வந்து முட்டின. பொறியாளர் எழுத மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதும் மாலைதோறும் அவ்வாறே நடக்கிறது. தெருவில் எவரும் நின்று பார்ப்பதில்லை. தையல்காரர் இயந்திரத்திலிருந்து தலை நிமிராமல், "முட்டிக்காம உள்ள வாங்க" என்பார். வாசலுக்கு அருகில் யார் இருக்கிறார்களோ அவர் எழுந்து சற்று நகர்ந்து வழிவிடுவார்.